அந்த 37 நிமிடங்களை வெட்டாதீர்கள்: கோடைத் திரையிடல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குன்னூரில் கோடை விடுமுறைச் சிறுவர் திரையிடலை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டுத் திரையிடலுக்கு 'ஸ்பைடர்-மேன் 2' படத்தைத் தேர்ந்திருப்பதாக நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். தேர்வு மிகச் சரி. ஆனால் அறிவிப்பின் அடியில், பொடி எழுத்தில், 127 நிமிடம் ஓடும் படம் 'இழுவையான பகுதிகள் நீக்கப்பட்டு' 90 நிமிடமாகக் காட்டப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. எந்தெந்தப் பகுதிகள் என்று உங்கள் குழுவில் ஒருவரிடம் விசாரித்தபோது, பெரியம்மா வீட்டுக் காட்சிகள், வாடகை விவகாரம், மருத்துவரிடம் போவது, கேக் சாப்பிடுவது, மற்றும் 'சும்மா பேசிக்கொண்டே இருக்கும் இடங்கள்' என்று பதில் கிடைத்தது. மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய கொலக்கம்பை, தூதூர்மட்டம், சேலாஸ் பிள்ளைகளை எண்ணித்தான் இந்த ஏற்பாடு என்றும் அவர் சொன்னார். அந்த அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நீங்கள் வெட்டத் துணிந்திருக்கும் இடங்களில்தான் அந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. அதன் பலவீனங்களோ நீங்கள் தொடாமல் விட்டுவைத்திருக்கும் இடங்களில் இருக்கின்றன. பிள்ளைகளை அனுப்பப்போகும் பெற்றோரும் இதை அறிந்துகொள்வது நல்லது என்பதால் தனிக் கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுகிறேன்.

தொடர்ச்சிப் படம் எடுப்பவரின் சங்கடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2002இல் வந்த முதல் படத்துக்குக் கதை ஆயத்தமாகக் கையில் இருந்தது. சிலந்தி கடிக்கிறது, வலிமை வருகிறது, அதைத் தன்னலத்துக்குப் பயன்படுத்திய நாளில் பெரியப்பா பென் கொல்லப்படுகிறார், அந்தக் குற்றவுணர்விலிருந்து ஒரு காவலன் உருவாகிறான். இரண்டாவது படத்தில் சிலந்தி மறுபடியும் வந்து கடிக்க முடியாது. இந்த இடத்தில் பெரும்பாலான இயக்குநர்கள் வில்லன்களின் எண்ணிக்கையைக் கூட்டியும், இடிந்து விழும் கட்டடங்களின் உயரத்தைக் கூட்டியும் சமாளிக்கப் பார்ப்பார்கள். இந்தப் படத்தை இயக்கிய சாம் ரெய்மியே 2007இல் எடுத்த மூன்றாவது படம் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது. எதிரிகள் மூவர், ஒருவருக்கும் போதிய இடமில்லை. 2004இல் வந்த இந்த இரண்டாவது படத்தில் எதிரி ஒருவர்தான். கூட்டப்பட்டிருப்பது, ஸ்பைடர்-மேன் முகமூடிக்குள் இருக்கும் இளைஞன் பீட்டர் பார்க்கரின் கடன்கள். ஊரைக் காப்பாற்றுகிறவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற, கேட்டால் சிரிப்பு வரக்கூடிய ஒரு கேள்வியை ஆல்வின் சார்ஜென்ட்டின் திரைக்கதை மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொள்கிறது. தொடர்ச்சிப் படங்களில் இதை நான் முதல் வரிசையில் வைப்பதற்கு அதுவே காரணம்.

படம் தொடங்கும்போது பீட்டர் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். 29 நிமிடத்துக்குள் சேர்ப்பதாகக் கடை வாக்குக் கொடுத்திருக்கிறது. தவறினால் காசு கிடையாது. வழியில் ஒரு லாரியின் முன் ஓடிவிட்ட இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றுகிறான், அதனால் நேரம் கடந்துவிடுகிறது, வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் பணம் தர மறுக்கிறாள், கடைக்காரர் வேலையை விட்டு நிறுத்துகிறார். நாளிதழ் அலுவலகத்தில் அவன் எடுத்த படத்துக்கு எழுதிக்கொடுக்கப்படும் தொகை, இரண்டு வாரத்துக்கு முன் வாங்கிய முன்பணத்துக்கே காணாது. கல்லூரியில் பேராசிரியர் மதிப்பெண் சரிவதைச் சுட்டிக்காட்டுகிறார். வீட்டுக்காரர் டிட்கோவிச், அவன் பணிவோடு சொல்லும் 'ஹாய்' என்ற சொல்லைக் கடையில் கொடுத்து ஏதாவது வாங்க முடியுமா என்று கேட்கிறார். காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரத்தில் வீரனின் சிவப்பு நீலச் சட்டை மற்ற துணிகளோடு சேர்ந்து சாயம் போகிறது. இவை யாவும் சிரிக்கவைக்கும் காட்சிகள்தாம். ஆனால் ஒன்றுகூட நகைச்சுவைக்காக மட்டும் ஒட்டவைக்கப்பட்ட துணுக்கு அன்று. ஒவ்வொன்றிலும் அவன் ஒரு நல்ல காரியத்துக்காகத் தன் பிழைப்பிலிருந்து சிறிது இழக்கிறான். இவற்றை எடுத்துவிட்டால், படத்தின் நடுவே அவன் அந்தச் சட்டையைக் கழற்றி எறிவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். காரணம் தெரியாத பிள்ளைகள் அவனைக் கோழை என்று எண்ணிக்கொண்டு பேருந்து ஏறுவார்கள்.

நீங்கள் கட்டாயம் நீக்குவதாகச் சொன்ன பிறந்தநாள் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் பழைய வீட்டில் விருந்து முடிந்து நண்பர்கள் போய்விட்டார்கள். பெரியம்மா மே சமையலறை மேசையில் தலைசாய்த்துக் கண்ணயர்ந்திருக்கிறார். வீட்டுக் கடன் கட்டாததற்கு வங்கி அனுப்பிய அறிவிப்பு பீட்டரின் கண்ணில் படுகிறது. விழித்துக்கொண்ட பெரியம்மா அதைப் பற்றிப் பேச விரும்பாமல், பையனின் பிறந்தநாளுக்காக 20 டாலரை எடுத்து நீட்டுகிறார். நிலைமை தெரிந்துவிட்ட பையன் வாங்கத் தயங்குகிறான். அதுவரை மென்மையாகப் பேசிக்கொண்டிருந்த அந்த முதியவர், வாங்கிக்கொள் என்று திடீரெனக் குரலை உயர்த்திக் கடிந்துகொள்கிறார். அடுத்த நொடியே குரல் உடைந்து, கோபப்பட்டதற்கு வருந்தி அழுகிறார். ரோஸ்மேரி ஹாரிஸ் என்ற நடிகை இந்த மாற்றத்தை ஒரே மூச்சில் செய்து காட்டுகிறார். கொடுக்க ஒன்றுமில்லாத நிலையிலும் கொடுக்கும் கையைத் தடுப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை விளக்க வேறு வசனம் தேவைப்படவில்லை. அந்த 20 டாலரை வீட்டுக்காரர் வாடகைக் கணக்கில் பறித்துக்கொள்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு நோட்டு கைமாறும் வழியிலேயே ஒரு மனிதனின் நிலைமையைச் சொல்லிவிட்டார்கள் என்பது விளங்கும்.

சம்பள நாளன்று பிடித்தம் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கும் எஸ்டேட் வீடுகளிலிருந்தும், பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிய மாதங்களில் கூட்டுறவுச் சங்கக் கடனை எப்படிப் புதுப்பிப்பது என்று இரவில் பேசிக்கொள்ளும் சிறு விவசாயி வீடுகளிலிருந்தும் வரப்போகும் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி இழுவையாக இருக்கும் என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அவர்கள் அறியாத ஊர் நியூயார்க்; அந்தச் சமையலறை மேசையை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கேக் காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் மகள் உர்சுலா, மனம் சோர்ந்திருக்கும் பீட்டரின் அறைக் கதவைத் தட்டி, ஒரு துண்டு சாக்லேட் கேக்கும் ஒரு கோப்பைப் பாலும் வேண்டுமா என்று கேட்கிறாள். அவன் சரி என்கிறான். இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி, கதை ஓர் அங்குலமும் நகர்வதில்லை. இத்தனை கோடி செலவழித்து எடுத்த ஒரு படத்தில் இப்படியொரு காட்சிக்கு இடம்விட ஓர் இயக்குநருக்குத் துணிச்சல் வேண்டும். இதை நீக்குவதால் உங்களுக்கு மிச்சமாவது ஒரு நிமிடம்கூட இருக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எதிரியைப் படைத்திருக்கும் விதம் படத்தின் மற்றொரு பெரும்பலம். ஆல்ஃபிரெட் மோலினா நடித்திருக்கும் ஓட்டோ ஆக்டேவியஸ், அறிமுகமாகும்போது ஒரு நல்லாசிரியர். தன் வீட்டில் மனைவி ரோசியோடு சேர்ந்து பீட்டருக்கு உணவளித்து, மனத்தில் இருக்கும் அன்பை மறைத்துவைத்தால் உடம்புக்கே கேடு என்று அறிவுரை சொல்லும் மனிதர். அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் அவருடைய சோதனை தறிகெட்டு, மனைவி இறந்து, முதுகில் பொருத்திய நான்கு இயந்திரக் கைகள் தண்டுவடத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் அவர் ஊருக்குப் பகைவராகிறார். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இயந்திரக் கை புதிதல்ல. ஆனால் இங்கே கைகளுக்குத் தனியே புத்தி இருக்கிறது. அவை உடையவரிடம் பேசி, தோல்வியை ஒப்புக்கொள்ளாதே என்று தூண்டுகின்றன. கண்ணாடி அணிந்துகொள்ளவும் சுருட்டைப் பற்றவைக்கவும் ஒரு கை பணிவிடை செய்வதையும், அதே கை அடுத்த காட்சியில் வங்கியின் இரும்புக் கதவைப் பிய்த்தெறிவதையும் பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள். இந்தப் படம் காட்சிவிளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றதில் அந்தக் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. பல இடங்களில் அவை கணினியால் வரையப்பட்டவை அல்ல. பொம்மலாட்டக்காரர்கள் பின்னால் நின்று இயக்கிய உண்மைப் பொருள்கள். இருபது ஆண்டு கழிந்தும் அவை பொய்யாகத் தெரியாமலிருப்பதற்கு அந்த எடையே காரணம்.

அறுவை அரங்கக் காட்சியில் மட்டும் உங்கள் அச்சம் நியாயமானது. மயங்கிக் கிடக்கும் ஓட்டோவின் முதுகிலிருந்து கைகளை அறுத்தெடுக்க மருத்துவர்கள் ரம்பத்தை எடுக்கும்போது அவை விழித்துக்கொண்டு அரங்கில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாக்குகின்றன. பின்னணி இசை அறவே இல்லை. அலறலும் உலோகச் சத்தமும் தரையைக் கீறும் விரல்களும்தான். திகில் படங்களில் கைதேர்ந்த ரெய்மி தம் பழைய தொழிலை இங்கே மறைக்கவில்லை. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழே 13 வயதுக்கு உட்பட்டவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் வகையைச் சேர்ந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளை அந்தச் சில நிமிடங்கள் வெளியே அழைத்துச் சென்று தேநீரும் வர்க்கியும் கொடுங்கள். அல்லது பெற்றோரோடு உட்காரவையுங்கள். காட்சியை நீக்கினால், அதன் முடிவில் தனியே விழித்தெழுந்து, நடந்ததைப் பார்த்து ஓட்டோ எழுப்பும் ஓலமும் போய்விடும். அந்த ஓலம்தான் கடைசியில் அவர் மனம் திரும்புவதற்கு வித்து.

இனி, நீங்கள் 'மருத்துவரிடம் போவது' என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்ட பகுதி. பீட்டருக்கு வலை வருவது நின்றுபோகிறது. சுவரில் ஒட்டிய கை வழுக்குகிறது. மங்கலாகிப்போன பார்வைக்கு மறுபடி கண்ணாடி தேவைப்படுகிறது. கல்லூரி மருத்துவர் உடம்பில் ஒரு கோளாறும் காணாமல், மனத்தில்தான் ஏதோ இருக்கிறது என்கிறார். இதற்குப் பிறகு அவன் சட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மழையில் நடந்து போகும் படச்சட்டம், 1967இல் வந்த மூலச் சித்திரக்கதையின் 50ஆம் இதழிலிருந்து எடுத்தாளப்பட்டது. அதன்பின் வரும் நாள்களில் அவன் நேரத்துக்கு வகுப்புக்குப் போகிறான், மதிப்பெண் வாங்குகிறான், சிரிக்கிறான். ஊரில் குற்றங்கள் பெருகுகின்றன. ஒரு சந்தில் ஒருவரைச் சிலர் அடிப்பதைக் கண்டும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுகிறான். கதாநாயகன் நழுவிப் போவதைப் படம் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. பின்பு ஒரு தீவிபத்தில், வலிமை ஏதுமில்லாமலே உள்ளே ஓடி ஒரு குழந்தையை வெளியே கொண்டுவருகிறான். மூச்சுத் திணறிக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கும்போது, நான்காம் மாடியில் இன்னொருவர் சிக்கி இறந்துவிட்டதாகத் தீயணைப்பு வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. காப்பாற்றிய மகிழ்ச்சியைப் படம் அவனுக்கு முழுதாகக் கொடுக்க மறுக்கிறது. சாகச வீரர் படங்களில் இவ்வளவு நேர்மையான நிமிடம் வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

பெரியப்பாவின் சாவுக்குத் தான் காரணம் என்பதைப் பீட்டர் பெரியம்மாவிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியும் உங்கள் நீக்கப் பட்டியலில் இருக்கிறது. அவன் சொல்லச் சொல்ல, அவன் கையைப் பற்றியிருந்த தன் கையை அவர் விலக்கிக்கொள்கிறார். எழுந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் மாடிக்குப் போய்விடுகிறார். நம் படங்களாக இருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும், அல்லது தாய்ப்பாசத்துக்கு வயலின் வாசித்திருப்பார்கள். இங்கே ஓர் ஒழிந்த நாற்காலியும் பையனின் முகமும் மட்டும் மிஞ்சுகின்றன. இதைப் பார்க்காத பிள்ளைக்கு, பின்னால் வீட்டைக் காலிசெய்யும்போது பெரியம்மா அவனை மன்னித்துப் பேசுவது ஏன் அவ்வளவு பெரிய நிகழ்ச்சி என்பது புரியாது. அந்தப் பேச்சைப் பற்றி எனக்கும் குறை உண்டு. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு வீரன் இருக்கிறான் என்று அவர் சொல்லத் தொடங்கியதும் பாத்திரம் பின்வாங்கித் திரைக்கதை ஆசிரியர் முன்வந்து பிரசங்கம் செய்கிறார். பாதியாகக் குறைத்திருந்தால் இருமடங்கு உறைத்திருக்கும். ஆனாலும் சுற்றிலும் அட்டைப்பெட்டிகள், சாமான் கட்டும் பக்கத்து வீட்டுச் சிறுவன், இன்னும் சற்று நேரத்தில் கைவிட்டுப் போகப்போகும் வீடு என்று சூழல் அமைந்திருப்பதால் அந்தப் பிரசங்கமும் தாங்குகிறது.

தொடர்வண்டிக் காட்சியை நீங்கள் தொடவில்லை என்பது ஆறுதல். சண்டையில் ஓட்டோ நிறுத்துகருவியை உடைத்துவிட்டுப் போக, வண்டி தண்டவாளம் பாதியில் முடிந்துபோகும் இடத்தை நோக்கிப் பாய்கிறது. பீட்டர் முதலில் காலால் நிறுத்தப் பார்க்கிறான், முடியவில்லை. பிறகு இருபுறக் கட்டடங்களிலும் வலையைப் பற்றவைத்து, வண்டியின் முகப்பில் தன் உடம்பையே முளையாக அடித்துக்கொண்டு இழுத்துப் பிடிக்கிறான். நம் மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, சைகைக்கேற்பத் தனித்தனியே பிடியை இறுக்கித்தான் கல்லாறு இறக்கத்தில் வண்டி நிதானப்படுகிறது என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அத்தனை பேர் வேலையை ஒருவன் செய்வதன் கொடுமை சொல்லாமலே விளங்கும். காட்சியின் மேன்மை வண்டி நின்ற பிறகு தொடங்குகிறது. மயங்கி விழப்போனவனைப் பயணிகள் கைகளை நீட்டி உள்ளே இழுத்து, தலைக்கு மேல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடியில்லாத முகத்தைப் பார்த்து, இவன் என் மகன் வயதுகூட ஆகாத பையன் என்கிறார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். ஓட்டோ திரும்பி வந்ததும் வெறுங்கையோடு ஒவ்வொருவராக எழுந்து குறுக்கே நிற்கிறார்கள். சம்பளம் தராத ஊர் அவனுக்குத் தந்த கூலி அதுதான். வாடகையும் முன்பணமும் பார்க்காதவர்களுக்கு இந்தக் கூலியின் மதிப்பும் தெரியாமல் போகும். நீங்கள் விட்டுவைத்த காட்சி நீக்கிய காட்சிகளின் மேல்தான் நிற்கிறது.

(நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் அந்த வழித்தடம் நிலத்துக்கடியில் ஓடுவது என்றும், மேம்பாலத் தண்டவாளத்துக்காகச் சிகாகோ போய்ப் படம்பிடித்தார்கள் என்றும் குறை சொல்வாருண்டு. குன்னூரில் நடப்பதாகச் சொல்லி மூணாற்றில் எடுத்த படங்களைப் பார்த்துப் பழகிய நாம் இதைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிடலாம்.)

இவ்வளவு சொன்னவன் குறைகளை மறைக்கக் கூடாது.

முதற்குறை, பீட்டர் காதலிக்கும் மேரி ஜேன். கிர்ஸ்டன் டன்ஸ்ட் நடித்திருக்கும் இந்தப் பெண் ஒரு மேடை நடிகை; தந்தையின் வசவைக் கேட்டு வளர்ந்து, தன் உழைப்பால் விளம்பரப் பலகை வரை உயர்ந்தவள். அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதைப் படம் நமக்குச் சொல்லிவிட்டு, அந்த வாழ்க்கைக்குள் ஒருமுறைகூட நம்மை அழைத்துச் செல்வதில்லை. நாடகத்தைப் பீட்டர் தவறவிட்டான் என்பதற்காகத்தான் அவள் நாடகத்தில் நடிக்கிறாள். கதையின் கடைசிப் பகுதியில், முதல் படத்தைப் போலவே, கட்டிப்போடப்பட்டுக் கத்துகிறாள்; மூன்றாவது படத்திலும் இதே கதிதான். தீங்கேதும் செய்யாத விண்வெளி வீரர் ஒருவரை மணமேடையில் காத்திருக்கவைத்துவிட்டு அவள் ஓடிவருவதை நாம் கைதட்டி வரவேற்க வேண்டுமாம். இந்த வழக்கம் நம் சினிமாவுக்கும் சொந்தமானது என்பதால் அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெண்பிள்ளைகளும் பார்க்கப்போகும் திரையிடல் இது. படம் முடிந்ததும் இதைப் பற்றி அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஓட்டோவின் மனைவி ரோசி நிலையும் இதுவே. கணவரைத் திசைதிருப்ப ஒரு சாவு தேவைப்பட்டது, கண்ணாடிச் சில்லு பாய்ந்து இறந்துபோகிறார்.

அடுத்தது, சிற்றுண்டிக் கடைக்குள் கார் பாயும் இடம். ஸ்பைடர்-மேனைப் பிடிக்க வேண்டுமானால் பீட்டரைக் கேள், ஆனால் அவனை ஒன்றும் செய்துவிடாதே என்று பீட்டரின் நண்பன் ஹாரி ஆஸ்பார்ன் ஓட்டோவிடம் சொல்லியனுப்புகிறான். பீட்டரிடம் விவரம் கேட்க வருகிறவர் செய்யும் முதற்காரியம், அவன் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிச் சுவருக்குள் ஒரு காரைத் தூக்கி எறிவது. அவனுக்கு அந்தக் கணத்தில் வலிமை திரும்பியதால் பிழைத்தான். இல்லையேல் விவரமும் இல்லை, கதையும் இல்லை. அழகான படப்பிடிப்பு, அசட்டுத்தனமான செயல். வலிமை ஏன் போயிற்று என்பதற்கு மனச்சோர்வு என்ற விடையாவது கிடைக்கிறது. ஏன் சரியாக அந்த நொடியில் திரும்பியது என்பதற்குக் காதலி ஆபத்தில் இருந்தாள் என்பதைத் தவிர விடையில்லை. எரியும் வீட்டுக் குழந்தைக்காகத் திரும்பாத வலிமை காதலிக்காகத் திரும்பியது என்றால், படம் அதுவரை பாடுபட்டுச் சொன்னதை அதுவே மறுத்துவிடுகிறது. என் கணக்கில் படத்தின் மிகப்பெரிய சறுக்கல் இதுதான்.

அறிவியலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அணுக்கரு இணைவில் உண்மையான சிரமம் அது அணைந்துபோகாமல் காப்பாற்றுவது. சூடு சற்றுக் குறைந்தாலே நின்றுவிடும். படத்திலோ அது அடங்காமல் வளர்ந்து நகரத்தையே விழுங்கப் பார்க்கிறது, பிறகு ஆற்றில் அமிழ்த்தினால் அணைகிறது. வந்திருக்கும் ஆசிரியர்கள் எவரேனும் ஐந்து நிமிடம் விளக்கினால் போதும். ஹாரி கண்ணாடியில் இறந்த தந்தையைக் காண்பது போன்ற காட்சிகளும் இந்தப் படத்துக்குத் தேவைப்பட்டவை அல்ல. அடுத்த படத்துக்குப் போட்ட துண்டு. தொடர்ச்சிப் படம் தன் பின்வரும் தொடர்ச்சிக்கு விளம்பரமாகும் பழக்கம் அப்போதே தலைகாட்டியிருக்கிறது.

பலவீனமான இடங்கள் இவை என்றால் இவற்றையே வெட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வேண்டாம் என்பதே என் பதில். சான்றிதழ் பெற்ற படத்தை உரிய அனுமதியின்றி மாற்றுவதை 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம் குற்றமாகக் கருதுகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். குறையுள்ள படத்தைக் குறையோடு பார்த்து, எங்கே நம்பினோம், எங்கே நம்பவில்லை என்று பேசிப் பழகுவதற்கு இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே வேறு வாய்ப்பு ஏது? காரை எறிந்த காட்சியைப் பற்றி முதலில் கேட்கப்போவது உங்கள் கூட்டத்தில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை பேசட்டும்.

பேருந்துப் பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது. பிற்பகல் 3 மணி என்று அறிவித்திருக்கும் தொடக்கத்தை 1 மணிக்கு மாற்றுங்கள். கோடை மழையும் மூடுபனியும் பெரும்பாலும் மாலையில்தான் வரும். சீசன் நெரிசலும் அப்போதுதான் மேட்டுப்பாளையம் சாலையை அடைக்கும். பழக்கண்காட்சி நாள்களைத் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது. சட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பீட்டர் நடந்துபோகும் இடம் ஏறக்குறைய படத்தின் நடுவில் வருகிறது. இடைவேளையை அங்கே விடுங்கள், பதினைந்து நிமிடம் போதும். முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கு முன்கதை சொல்லவும் நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அலெக்ஸ் ராஸ் வரைந்த ஓவியங்கள் பெயர்ப் பட்டியலின் ஊடே அதைச் சொல்லிவிடுகின்றன. தமிழ்க் குரல் சேர்த்த பிரதியையே போடுங்கள். ஆங்கிலத்தில்தான் பார்ப்போம் என்கிற பெரியவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும். படமும் இடைவேளையும் அரைமணிப் பேச்சும் சேர்ந்து நான்கு மணிக்குள் முடிந்துவிடும், கொலக்கம்பைப் பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீடு சேரலாம்.

மாற்றிய நேரத்தை நூலக வாசல் பலகையில் இந்த வாரக் கடைசிக்குள் எழுதிப்போட்டால், எஸ்டேட் குடியிருப்புகளுக்குச் செய்தி சொல்ல வேண்டிய பொறுப்பை நானும் என் நண்பர்கள் சிலரும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் திரையிடலுக்கு ஆண்டுதோறும் வந்து பின்வரிசையில் உட்காரும் ஒருவன்,
குன்னூர்